மதக் கட்டத்துக்குள் அடங்காதது: நோயாளியின் ஆன்மிகத் தேவையை அறிவது எப்படி?

நோயாளியை வார்டில் சேர்க்கும்போது நிரப்பும் தாளில் பெயர், வயது, முகவரிக்குக் கீழே 'மதம்' என்று ஒரு கட்டம் இருக்கும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று ஒன்றை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். பல நேரம் நோயாளியிடம் கேட்பதுகூட இல்லை, பெயரைப் பார்த்தே எழுதிவிடுகிறோம். ஆன்மிகத் தேவையை மதிப்பிடுதல் என்று செவிலியப் பாடத்தில் ஒரு தலைப்பு வரும்போது, 'அதுதான் அட்மிஷன்லயே எழுதியாச்சே' என்று மாணவிகள் சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 'இந்து' என்று எழுதியதில் நமக்கு என்ன தெரிந்தது? வெள்ளிக்கிழமை தவறாமல் ஒருபொழுது இருப்பவரும் இந்து. வருடத்துக்கு ஒரு முறை குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதோடு சரி என்பவரும் இந்து. பெரியார் படிப்பகத்தில் வளர்ந்து, கோயில் வாசலையே மிதிக்காதவருக்கும் அந்தத் தாளில் அதே சொல்தான். ஆபரேஷனுக்கு முன் தாலியைக் கழற்றச் சொன்னால் யார் நடுங்கிப்போவார், யார் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வார் என்பதை அந்தக் கட்டம் சொல்லாது.

ஆன்மிக மதிப்பீடு மூன்று விஷயங்களைத் தேடுகிறது. இந்த மனிதரை இத்தனை வருடம் தாங்கிப் பிடித்தது எது? நோய் வந்து அதை ஆட்டிவிட்டதா? அதற்காகச் சிகிச்சையிலோ கவனிப்பிலோ நாம் எதையாவது மாற்ற வேண்டுமா? தாங்கிப் பிடிப்பது கடவுளாக இருக்கலாம். பேரப்பிள்ளையாக, கட்சியாக, சொந்த வயலாகவும் இருக்கலாம். 2009இல் அமெரிக்காவில் நோய்த்தணிப்புச் சிகிச்சைத் துறையினர் (கடும் நோயில் வலியையும் துயரத்தையும் குறைக்கும் 'பாலியேட்டிவ் கேர்') கூடி ஒரு வரையறையை ஏற்றார்கள். வாழ்க்கைக்குப் பொருளும் நோக்கமும் தேடும் விதம், தன்னோடும் பிறரோடும் இயற்கையோடும் தான் முக்கியமாகவோ புனிதமாகவோ கருதுவதோடும் ஒருவர் உணரும் தொடர்பு: இவற்றையே ஆன்மிகம் என்று அது சொல்கிறது. கடவுளை நம்பாதவருக்கும் அதில் இடம் உண்டு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் வார்டுகளில் இந்த விஷயத்தில் அதிகம் கைவிடப்படுபவர் நாத்திகர்தான். 'இவருக்குத்தான் சாமி நம்பிக்கை இல்லையே' என்று யாரும் எதுவும் கேட்பதில்லை. வாழ்நாள் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெரியவருக்கு, 'நான் போனதும் பசங்க சாங்கியம் செஞ்சிடுவாங்களோ, உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுக்கணும்னு எழுதி வெச்சது வீணாப்போயிடுமோ' என்ற கவலை இருக்கும். பக்தருக்குக் கடைசி நேரத் தீர்த்தம் எப்படியோ, அவருக்கு அது அப்படி. அந்தக் கவலையைக் கேட்டு, உடல்தானப் படிவம் எங்கே இருக்கிறது, குடும்பத்தில் யாருக்குத் தெரியும் என்று விசாரித்து வைப்பதும் ஆன்மிகத் தேவையைக் கவனிப்பதுதான்.

லண்டனில் தொடங்கிய சிந்தனை

இது இன்று பாடத்திட்டம்வரை வந்திருப்பதில் சிசிலி சாண்டர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். முதுகுத் தொல்லையால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணிக்கு மாறினார். அங்கே டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதரைக் கவனித்துக்கொண்டார். புற்றுநோய், சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லை, வாழ்ந்ததற்கு அடையாளமாக எதையும் விட்டுப் போகவில்லை என்ற ஏக்கம். 1948இல் இறக்கும்போது அவர் சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுச் சென்றார். 'உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்' என்றாராம். அந்த இல்லம் அப்போது வெறும் பேச்சாகத்தான் இருந்தது. சாண்டர்ஸ் அதன்பிறகு மருத்துவம் படித்து டாக்டராகி, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் இல்லத்தை, திறந்தார்.

'முழு வலி' என்ற கருத்து அவருடையது. உடல் வலி, மனவலி, குடும்பம் பணம் சார்ந்த வலி, ஆன்மிக வலி நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், தனித்தனியாகப் பிரித்து மருந்து கொடுக்க முடியாது என்றார். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டதற்கு ஒரு நோயாளி, முதுகில் ஆரம்பித்தது, இப்போது நானே மொத்தமாகச் சரியில்லாமல் போய்விட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போயும் வலி குறையாத நோயாளியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனால் அவருடைய ஹாஸ்பிஸில் எந்த நம்பிக்கையும் இல்லாதவர்களுக்கும் படுக்கை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட நோய்த்தணிப்புச் சிகிச்சை வரையறையில் உடல், உளசமூகப் பிரச்சினைகளோடு ஆன்மிகப் பிரச்சினையும் சேர்ந்தே வருகிறது.

எங்கோ லண்டனில் நடந்தது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரில் இதற்கென்று தனி ஆள் கிடையாது என்பதுதான் பதில். இங்கிலாந்து, அமெரிக்க மருத்துவமனைகளில் சாப்ளின் என்று, நோயாளிகளின் ஆன்மிகத் தேவையைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் சம்பளத்துக்கு இருப்பார். இங்கே வேலூர் சி.எம்.சி. போன்ற மிஷன் மருத்துவமனைகளை விட்டால், பெரும்பாலான இடங்களில் அந்தப் பொறுப்பும் நர்ஸ் தலையில்தான் வந்து விழுகிறது. இரவு இரண்டு மணிக்கு 'சிஸ்டர், நான் பொழைப்பேனா?' என்று நோயாளி கேட்கும்போது பக்கத்தில் நிற்பது அவர்தான்.

அதற்காக நோயாளிகள் இதை மருத்துவமனையில் எதிர்பார்க்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? 2007இல் அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய் உள்ள 230 பேரிடம் கேட்டார்கள். மதம் தங்களுக்கு ஓரளவாவது முக்கியம் என்றவர்கள் 88 சதவீதம். தங்கள் ஆன்மிகத் தேவையை மருத்துவத் தரப்பு கொஞ்சமும் கவனிக்கவில்லை, அல்லது பெயருக்குத்தான் கவனித்தது என்றவர்கள் 72 சதவீதம்.

கையில் இருக்கும் கேள்விகள்

செவிலியத்துக்கு இது புதிதல்ல. 'ஆன்மிகத் துயரம்' என்பதை நாண்டா (NANDA) என்ற செவிலியர் அமைப்பு 1978லேயே நர்ஸிங் டயக்னோசிஸ் பட்டியலில், அதாவது நர்ஸ்கள் கண்டறிந்து கவனிக்க வேண்டிய பிரச்சினைகளின் பட்டியலில், சேர்த்தது. மறு வருடம் ரூத் ஸ்டோல் என்ற செவிலிய ஆசிரியர் நோயாளியிடம் கேட்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டார். கடவுள் பற்றிய எண்ணம், பலமும் நம்பிக்கையும் எங்கிருந்து வருகின்றன, வழிபாட்டுப் பழக்கங்கள், நோய்க்கும் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பு என்று நான்கு பகுதிகள் அதில் உண்டு. பிறகு பல கருவிகள் வந்தன. 2001இல் வந்த 'ஹோப்' கேள்விகளைக் குடும்ப மருத்துவர்கள் விரும்புகிறார்கள். ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது 'ஃபிக்கா'வை. கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1996இல் உருவாக்கியது. நான்கு எழுத்து (Faith, Importance, Community, Address), நான்கு கேள்வி, மனதில் நிற்கும்.

முதல் எழுத்து நம்பிக்கை: எதை நம்பி வாழ்கிறார்? இரண்டாவது முக்கியத்துவம்: அந்த நம்பிக்கை அவர் வாழ்க்கையில், நோயைப் பற்றிய முடிவுகளில் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது? மூன்றாவது சமூகம்: இதில் அவரோடு நிற்பவர்கள் யார்? நான்காவது கவனிப்பு: இதையெல்லாம் வைத்து நாம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் விரும்புகிறார்? நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்றையும் கேட்டு எழுதிவிட்டு ஃபைலை மூடிவிட்டால் அது பேட்டியாகத்தான் முடியும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இதில் மூன்று படிகள் உண்டு. முதல் படியில் ஒன்றிரண்டு கேள்வி, இரண்டு நிமிடம். அவசரமாகக் கவனிக்க வேண்டிய துயரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. 'மனசு நிம்மதியா இருக்கா?' என்ற ஒரே கேள்வியே நிறையக் காட்டிக்கொடுக்கிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாவது படி ஃபிக்கா மாதிரி கொஞ்சம் விரிவானது. மூன்றாவது முழு மதிப்பீடு, பயிற்சி பெற்ற சாப்ளினோ ஆலோசகரோ உட்கார்ந்து பல நாள் செய்வது. வார்டு நர்ஸிடம் எதிர்பார்ப்பது முதல் இரண்டு படிகளை மட்டும். மூன்றாவதையும் நானே செய்கிறேன் என்று இறங்கினால் நோயாளிக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் தாங்காது.

கேள்விகளை அப்படியே தமிழில் வைத்து வாசித்தால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். 'உங்கள் வாழ்க்கைக்குப் பொருள் தருவது எது?' என்று திருப்பூரில் தையல் மிஷினில் உட்கார்ந்து உழைத்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், 'என்ன சிஸ்டர் கேக்கறீங்க?' என்று மகளைத் திரும்பிப் பார்ப்பார். அதையே, 'இதுக்கு முன்னாடியும் கஷ்டம் வந்திருக்கும்ல, அப்பல்லாம் எதைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டி வந்தீங்க?' என்று கேட்டால் பதில் வரும். ட்ரிப் மாற்றும்போதோ புண்ணுக்குக் கட்டு போடும்போதோ கேட்பது இன்னும் நல்லது. கை வேலையில் இருக்கும்போது எதிரில் இருப்பவர் வாய் திறப்பது சுலபம்.

ஒரு டயாலிசிஸ் நோயாளி

கற்பனை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்த்த யாருக்கும் இவர் அந்நியமாகத் தெரிய மாட்டார். வயது 56, காரைக்குடிப் பக்கம், வேன் டிரைவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒரு வருடமாக டயாலிசிஸ். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர் தை மாதம் பிறந்ததிலிருந்து தவணைகளை விட ஆரம்பித்தார். வந்த நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி நின்றது.

'அய்யா, போன வாரம் ரெண்டு தடவை வரலையே. உடம்பு முடியலையா?'

'உடம்பு எப்பவும் போலத்தான் சிஸ்டர். வந்து மட்டும் என்ன ஆகப்போவுது.'

இந்த இடத்தில் பெரும்பாலோர், 'அப்படிச் சொல்லக்கூடாது, டயாலிசிஸ் விட்டா உயிருக்கே ஆபத்து' என்று ஆரம்பித்துவிடுவோம். அது அவருக்கும் தெரியும். இந்த நர்ஸ் ஊசி போட்ட இடத்தில் டேப்பை ஒட்டிக்கொண்டே, முன்பெல்லாம் மனசு விட்டுப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்.

'பழனிக்கு நடந்துடுவேன் சிஸ்டர். தைப்பூசத்துக்கு வருஷா வருஷம். இப்ப தெரு முனைக்குப் போறதுக்குள்ள மூச்சு வாங்குது. நடக்காதவனை அவன் எதுக்குக் கண்டுக்கப்போறான்?'

'முருகன் அப்படியெல்லாம் கைவிட மாட்டாரு' என்ற பதில் நாக்கு நுனியில் வந்து நிற்கும். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அவர் ஆமாம் சிஸ்டர் என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நர்ஸ் கேட்டது வேறு: 'நடக்க முடியாமப் போனதுதான் ரொம்பக் குத்துதா?'

அவர் கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூட நடந்த குழுவுக்குத் தன் நோய் தெரியாது என்றார். கேட்டால் பரிதாபப்படுவார்கள் என்று போனையே எடுப்பதில்லையாம். அவர்கள் பழனியிலிருந்து திரும்பி வந்து வீட்டு வாசலில் பிரசாதம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அதை மட்டும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். 'அவன்கிட்ட இருந்து வந்தது. அதையும் வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா?'

பொட்டாசியம் ஏறிய கதை இதுதான். பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் நிறைய உண்டு, இரண்டுமே பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். 'பழம் சாப்பிடாதீங்க' என்று டயட் சார்ட்டில் எழுதியது அவர் கண்ணில் பிரசாதத்துக்குப் பொருந்தவில்லை. பிரசாதத்தை அவர் பழமாகவே பார்க்கவில்லை.

இப்போது ஃபிக்காவை இதன்மேல் வைத்துப் பாருங்கள். நம்பிக்கை: முருகனும் அந்த நடையும். முக்கியத்துவம்: நடை நின்றதும் டயாலிசிஸுக்கு வருவதற்கான காரணமே நின்றுபோனது. சமூகம்: பாதயாத்திரைக் குழு, ஆனால் தானே விலகி நிற்கிறார். கவனிப்பு என்ற நான்காவதை அவரிடமே விட்டார் நர்ஸ். 'குழுவில யாருக்காவது ஒருத்தருக்கு மட்டும் சொல்லலாமா?' என்று கேட்டதற்கு அவர் இரண்டு நாள் யோசித்து, குருசாமிக்கு மட்டும் சொல்லலாம் என்றார். வந்த குருசாமி, அடுத்த வருடம் நடந்துபோகிறவர்களுக்கு இவர் வீட்டு வாசலில் நீர்மோர்ப் பந்தல் போடுவது என்று பேசி முடித்துவிட்டுப் போனார். மோரை இவர் குடிக்கப் போவதில்லை, டயாலிசிஸ் நோயாளிக்கு உள்ள தண்ணீர்க் கட்டுப்பாடு இடிக்கும். கொடுப்பதற்குத் தடை ஏதும் இல்லையே. பஞ்சாமிர்தத்தைப் பற்றி டயட்டீஷியன் பேசினார்: ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு மீதியை வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம். நெற்றியில் திருநீறுக்குக் கட்டுப்பாடே இல்லை.

இதில் நர்ஸ் ஒரு வார்த்தைகூட ஆன்மிகம் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்கும்போது

மேல்நாட்டுப் பாடப் புத்தகத்தில் நர்ஸும் நோயாளியும் தனி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஜெனரல் வார்டில் பக்கத்துப் படுக்கை இரண்டடி தள்ளி இருக்கிறது. கட்டிலைச் சுற்றி மகன், மருமகள், ஊரிலிருந்து வந்த சித்தப்பா. அதோடு, 'அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியாது சிஸ்டர், சொல்லிடாதீங்க' என்று வாசலிலேயே கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தன் நோயே தெரியாது என்று சொல்லப்படும் ஒருவரிடம் வாழ்வு, சாவு, நம்பிக்கை பற்றி எப்படிப் பேச்செடுப்பது?

நோயின் பெயர் இல்லாமலே ஆன்மிகக் கேள்விகளைக் கேட்க முடியும். 'இந்த நாள்ல மனசுல என்ன ஓடுது?' என்பதற்கு எந்த நோயையும் சொல்லத் தேவையில்லை. அப்படிக் கேட்கும்போது அடிக்கடி வரும் பதில் என்ன தெரியுமா? 'எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும்மா. பசங்களுக்கு எனக்குத் தெரியும்னு தெரிய வேணாம்.' இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துத் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கும். அதை உடைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. ஆனால் நோயாளி சம்மதித்தால் டாக்டரிடம் சொல்லி, குடும்பத்தையும் அவரையும் ஒன்றாக உட்காரவைக்க ஏற்பாடு செய்யலாம். உறவினர் எல்லோரும் டீ குடிக்கப் போகும் பத்து நிமிடத்தை அனுபவம் உள்ள நர்ஸ்கள் நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

காதில் விழும் வாசகங்களையும் எடைபோடப் பழக வேண்டும். 'என்ன பாவம் செஞ்சேனோ' என்பது நம் வழக்குப் பேச்சு, பஸ் தவறினால்கூடச் சொல்வோம். அதையே ஒருவர் மூன்று நாளாக, சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் விஷயம் வேறு. அப்போது, 'பாவம்னு எதை நினைக்கறீங்க?' என்று கேளுங்கள். சில நேரம் முப்பது வருடத்துக்கு முன் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் வெளியே வருவார். சில நேரம் நிறைவேற்றாமல் விட்ட வேண்டுதல் வரும். 'யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது', 'போதும், போய்ச் சேர்ந்துட்டா நல்லது' என்று பேச்சு போனால், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனச்சோர்வு நோயும் ஆன்மிகத் துயரமும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரண்டும் சேர்ந்தும் வரும். சந்தேகம் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதுதான் சரி.

நம்பிக்கையே சுமையாகும்போது

பக்தி உள்ள நோயாளி என்றால் மனபலம் அதிகம் என்று நாமாகவே முடிவுகட்டிவிடுகிறோம். எப்போதும் அப்படி இல்லை. கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 55 வயதைக் கடந்த 596 உள்நோயாளிகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என்மேல் அன்பில்லை, இது சாத்தானின் வேலை என்று உள்ளுக்குள் போராடியவர்களிடம் இறப்பு அபாயம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆகவே 'சாமி கும்பிடுவீங்களா?' என்று கேட்டு ஆமாம் என்றதும் நிறுத்திக்கொண்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். அந்தச் சாமி இப்போது இவருக்குத் துணையா, இவரைத் தண்டிப்பவரா என்பது மறு பாதி.

சுற்றியுள்ள சமூகத்துக்கும் இது பொருந்தும். முற்றிய புற்றுநோயாளிகளைப் பற்றி 2013இல் வந்த அமெரிக்க ஆய்வில், சபையிலிருந்து நிறைய ஆதரவு பெற்றவர்கள் கடைசி வாரத்தில் ஐ.சி.யூ. சிகிச்சைக்கு அதிகம் போயிருந்தார்கள். அதே ஆட்களுக்கு மருத்துவக் குழுவும் ஆன்மிக ஆதரவு கொடுத்திருந்தால், ஹாஸ்பிஸைத் தேர்ந்தெடுப்பது கூடியது. 'அற்புதம் நடக்கும், விட்டுடாதே' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடக்காவிட்டால் என்ன செய்வது என்று பேச அவர்களுக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அன்றாடச் சின்ன விஷயங்கள்

பெரிய கேள்விகளைக் கேட்க நேரமே கிடைக்காத நாளிலும் சில காரியங்கள் நம் கையில் இருக்கும். கேனுலா (ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போடும் கையில் மந்திரித்த கயிறு இருந்தால் கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கொஞ்சம் மேலே ஏற்றலாம், மறு கைக்கு மாற்றலாம். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் பெண்ணிடம் தங்கத் தாலியைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், காலையில் அழுகை இருக்காது. இன்சுலின் போடும் முஸ்லிம் நோயாளியிடம் நோன்பு பற்றி ரமலானுக்கு முன்பே பேச வேண்டும். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பது குர்ஆனிலேயே இருக்கிறது. ஆனாலும் பலர் நோன்பு வைக்கவே விரும்புவார்கள். மருந்து அளவை டாக்டர் மாற்றித் தரட்டும், மார்க்கச் சந்தேகத்தை நோயாளி தன் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளட்டும். தண்ணீர் படக்கூடாத காயம் என்றால் தொழுகைக்கு முன் தண்ணீரால் கை, முகம், கால் கழுவும் ஒளுவுக்குப் பதில், மண்ணைத் தொட்டுத் தடவிக்கொள்ளும் தயம்மும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்பது பல நர்ஸ்களுக்கே தெரிவதில்லை, நோயாளி கேட்டால் மழுப்பாதீர்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். இதை ஆபரேஷன் டேபிளில் தெரிந்துகொள்வதைவிட அட்மிஷனில் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

இவை எல்லாம் பொதுவாகச் சொல்வது. 'முஸ்லிம்னா இப்படி, ஜெயின்னா இப்படி' என்று பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு ஆளைக் கேட்காமல் விட்டால், பழையபடி அந்த மதக் கட்டத்துக்குள்ளேயே போய் விழுவோம்.

எதுவரை போகலாம்

2008 இறுதியில் இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் நர்ஸ் ஒருவர், கட்டு மாற்றிவிட்டு நோயாளியிடம் 'உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?' என்று கேட்டார். பணியிடை நீக்கம் செய்தார்கள். பெரிய விவாதமாகி 2009 தொடக்கத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தண்டனை அதிகம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கேள்வி சிக்கலானதுதான். ஊசியும் பெட்பேனும் யார் கையில் இருக்கிறதோ அவர் 'ஜெபிக்கட்டுமா?' என்றால், படுத்திருப்பவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? அவர் வாய் சரி என்று சொன்னாலும் அது முழுச் சம்மதம் ஆகாது. கேட்பது நோயாளியாக இருந்தால் கணக்கு வேறு. 'எனக்காகச் சாமிகிட்ட வேண்டிக்கோங்க சிஸ்டர்' என்றால், கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்கலாம். உங்கள் சாமியும் அவர் சாமியும் வேறாக இருந்தாலும் குறையில்லை. உங்களுக்கு அது சங்கடம் என்றால் சக ஊழியர் ஒருவரை அழைத்து வரலாம். உங்கள் சபையின் நோட்டீஸ், உங்கள் சாமியாரின் படம், உங்கள் பகுத்தறிவுப் பிரசாரம் மூன்றுமே வார்டுக்கு வெளியே இருக்கட்டும்.

எழுதி வைப்பதிலும் நிதானம் வேண்டும். 'நோயாளி தெய்வ பக்தி உள்ளவர், ஆறுதல் கூறப்பட்டது' என்று எழுதினால் அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கு ஒன்றும் விளங்காது. 'பாதயாத்திரை நின்றதால் சிகிச்சையில் பிடிப்பு குறைந்துள்ளது. குழுவின் குருசாமியை மட்டும் அழைக்கச் சம்மதம். பஞ்சாமிர்தம் பற்றி டயட்டீஷியன் பேச வேண்டும்' என்று எழுதினால் அவர் செய்வதற்கு வேலை இருக்கிறது. முப்பது வருடப் பழைய அண்ணன் தம்பிச் சண்டையின் விவரம் கேஸ் ஷீட்டில் தேவையில்லை. 'குடும்ப உறவு சார்ந்த மன உளைச்சல், விவரம் பகிர விருப்பமில்லை' என்பதே போதும். கேஸ் ஷீட்டை யார் யாரோ புரட்டுகிறார்கள். ஹேண்ட்ஓவர் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

ஒரு முறை கேட்டது எல்லா நாளுக்கும் செல்லாது. புதிதாக நோயின் பெயர் தெரிந்த அன்று, பெரிய ஆபரேஷனுக்கு முதல் நாள், 'இனி இந்தச் சிகிச்சை பலன் தராது' என்று டாக்டர் சொன்ன பிறகு, பிரசவ வார்டில் குழந்தை இறந்து பிறந்த நேரம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பக் கேட்க வேண்டும். குழந்தை பிழைக்காது என்று தெரிந்ததும் கத்தோலிக்கப் பெற்றோர் ஞானஸ்நானம் கேட்கலாம். குருவானவர் வந்துசேர நேரமில்லாத அவசரத்தில் எந்த மனிதரும் அதைக் கொடுக்கலாம் என்று அந்தத் திருச்சபையே அனுமதிக்கிறது. தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தெரிந்துவைத்திருக்கும் இந்து நர்ஸ்களும் இருக்கிறார்கள். பெற்றோர் கேட்டால் மட்டுமே செய்ய வேண்டியது அது.

டிஸ்சார்ஜ் ஆனதோடு கேள்வி முடிந்துவிடாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு நர்ஸ் பார்க்கிறார். வார்டில் நீங்கள் தெரிந்துகொண்டதில் நோயாளி சம்மதித்ததை டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் அந்த நர்ஸ் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. வீட்டில் அவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. சுவரில் மாட்டியிருப்பது முருகனா, மெக்காவா, வேளாங்கண்ணி மாதாவா, அம்பேத்கரா, மாலை போட்ட மகன் படமா என்று பார்த்து, 'இது யாரு, எப்ப மாட்டினது?' என்று கேட்டே ஃபிக்காவின் முதல் எழுத்தைத் தொடங்கிவிடலாம்.